கண்ணாடி வில்லைகளோடு காவலூர்ப் பக்கம்

ஆலங்காயத்தைத் தாண்டியதும் சாலை மலையேறத் தொடங்குகிறது. சில வளைவுகள் ஏறியபின், கீழே சமவெளி விரிந்து தெரியும் ஓரிடத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார் அண்ணன். 2025 ஜனவரி, பொங்கல் விடுமுறையின் கடைசி நாட்கள். பிற்பகல் வெயிலில் வாணியம்பாடிப் பக்கத்து ஊர்கள் எல்லாம் வெளிறிய புகைமூட்டத்துக்குள் கிடந்தன. மேற்கே ஏலகிரி மலை ஒரு கோடாக மட்டும் தெரிந்தது. அண்ணன் தன் பெட்டியிலிருந்து கோள்களைப் படமெடுக்கும் கறுப்பு-வெள்ளைக் கேமராவை எடுத்தார். அதில் ஒரு சிறிய லென்ஸைத் திருகி, மடிக்கணினியோடு இணைத்து, முன்னால் நீல ஃபில்டரைப் போட்டார். திரையில் சமவெளியே இல்லை, வெறும் வெளுப்பு. அடுத்து, 850 நானோமீட்டருக்கு மேற்பட்ட அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர். தென்னந்தோப்புகள் வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றன. ஏரித் தண்ணீர் மை போலக் கறுத்தது. செல்போன் கோபுரங்கள், ஏலகிரிச் சரிவின் மடிப்புகள் எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் என்கிற அளவுக்குத் தெளிந்தன.

கூட வந்த கல்லூரி மாணவி திரையையும் வெளியையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணா, மூட்டம் எங்க போச்சு?"

"அது அங்கயேதாம்மா இருக்கு. இந்த ஒளிய அதால சிதறடிக்க முடியல, அவ்ளோதான்."

இதே காரியத்தை 1924இல் கலிஃபோர்னியாவில் ஒருவர் செய்தார். லிக் வானாய்வகத்தின் டபிள்யூ. எச். ரைட், ஹாமில்டன் மலை உச்சியிலிருந்து கீழே இருக்கும் சான் ஹோசே நகரை ஊதா ஒளியிலும் அகச்சிவப்பிலும் படமெடுத்தார். ஊதாப் படத்தில் நகரம் மூட்டத்தில் மறைந்தது, அகச்சிவப்பில் துலங்கியது. அந்த ஆண்டு செவ்வாய் பூமிக்கு மிக அருகே வந்திருந்தது. அதே முறையில் அதையும் எடுத்தார். ஊதாவில் செவ்வாய் அடையாளமற்ற ஒரு வட்டு. அகச்சிவப்பில் கரும்பரப்புகள் தெளிவாக வந்தன. இரண்டு இணைப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒப்புமை கண்ணில் அறையும்: செவ்வாயையும் ஏதோ ஒரு மூட்டம் மறைக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். பல ஆண்டுகள் அப்படியே நம்பினார்கள். உண்மை வேறு. செவ்வாயின் துரு நிற மண், நீல ஒளியில் வெளிர்ப் பகுதி, கரும்பகுதி என்ற வேறுபாடில்லாமல் எல்லா இடத்திலும் மங்கலாகவே இருக்கிறது. அங்கே மறைக்கும் திரை எதுவும் இல்லை. அந்த நிறத்தில் காட்டுவதற்கு மண்ணிடம் வேறுபாடே இல்லை. ஃபில்டர் வைத்துக் கோள்களைப் படமெடுக்கும் எவரும் இந்தக் கதையை மறக்கக் கூடாது என்பது என் எண்ணம். ஃபில்டர் ஒரு கேள்வியைக் கேட்கிறது, அவ்வளவுதான். வந்த பதிலுக்குப் பொருள் சொல்வது தனி வேலை.

எங்கள் குழு சிறியது. அண்ணன் ராணிப்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர். நாங்கள் கொண்டுபோன பத்து அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கியின் கண்ணாடியைத் தன் கையாலேயே தேய்த்து உருவாக்கியவர். கோள்களைப் படமெடுக்க மலைக்கு எதற்குப் போக வேண்டும் என்று வழியில் டீக்கடையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நட்சத்திரக் கூட்டங்களுக்கும் நெபுலாக்களுக்கும்தான் இருட்டு வேண்டும். வியாழனும் வெள்ளியும் சென்னை மொட்டைமாடியின் விளக்கு வெளிச்சத்திலும் மங்காத அளவுக்குப் பிரகாசமானவை. பௌர்ணமி கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன. நிலவு வரும் என்று தெரிந்தும் நாங்கள் கவலைப்படவில்லை. கோள்களுக்கு வேண்டியது அசையாத காற்று. தொலைநோக்கிக்கு மேலே இருக்கும் காற்றில் சூடும் குளிர்ச்சியும் கலந்து புரண்டால், ஓடும் ஆற்றுக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல் போலக் கோள் நெளியும். இந்த அமைதியைத்தான் எங்களவர்கள் 'சீயிங்' என்கிறார்கள். "இன்னிக்கு சீயிங் எப்படி?" என்பதுதான் முதல் கேள்வி, வானம் தெளிவா என்பது இரண்டாவது.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு இரண்டு வரங்கள். குளிர்காலத்தில் உயர்வானில் வேகமாக ஓடும் மேற்கத்திய காற்றோட்டம் வட இந்தியாவின் மேல்தான் போகும். நம் தலைக்கு மேல் இல்லை. அடுத்தது, நம் அட்சரேகை. அந்த ஜனவரியில் ரிஷப ராசியில் இருந்த வியாழன் இரவு ஒன்பது மணியளவில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வந்துவிடும். இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ சில ஆண்டுகளில் கோள்கள் அடிவானத்தை ஒட்டியே நகரும். அங்குள்ளவர்கள் தடித்த காற்றின் வழியாகப் பார்க்க வேண்டும். காற்று பட்டகம் போல வேலை செய்து சிவப்பையும் நீலத்தையும் பிரித்துவிடுவதைச் சரிசெய்யத் தனிக் கருவி மாட்ட வேண்டும். டேமியன் பீச் போன்ற தேர்ந்த படப்பிடிப்பாளர்கள் பிரிட்டனிலிருந்து பார்படோஸ் வரை தொலைநோக்கியோடு போனது இதற்காகத்தான். நமக்கு அது வீட்டு வாசலில் கிடைக்கிறது.

சாலை மேலே போகப் போக மரங்களுக்கு மேல் காவலூர் வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரிந்தது. 1960களில் நல்ல வானம் தேடி அலைந்த வானியலாளர் வைணு பாப்பு இந்த ஜவ்வாது மலைச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். கொடைக்கானல் பட்டறையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு இங்கே வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் ஜெய்ஸ் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டு ஜூனில் வியாழனின் துணைக்கோள் கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது காவலூரிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் அதைப் பதிவு செய்தார்கள். கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான அறிகுறி என்று அறிவித்தார்கள். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தைக் கடந்த இரவு, அந்தக் கோளின் வளையங்கள் வெளிப்பட்டன; அன்றைக்குக் காவலூரிலும் நட்சத்திர ஒளி மங்கியது பதிவானது. பாப்புவின் பெயரைத் தாங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் தொடங்கிவைக்கப்பட்டபோது அதைப் பார்க்க அவர் இல்லை, 1982இலேயே காலமாகிவிட்டார். வண்டியின் ஜன்னலில் அந்தக் குவிமாடம் திரும்பி மறையும்வரை யாரும் பேசவில்லை. கோள்களைப் பற்றி உலகம் புதிதாக அறிந்துகொண்ட இரண்டு இரவுகளில் இந்தச் சரிவு விழித்திருந்திருக்கிறது. அந்த மண்ணில் எங்கள் கருவியை இறக்கப் போகிறோம் என்பதில் எனக்கு வெளிப்படையான பெருமை.

நாங்கள் தங்கியது வானாய்வகத்திலிருந்து தள்ளி, ஒரு மலைக்கிராமத்தில், அண்ணனுக்குப் பழக்கமான விவசாயி வீட்டில். சிமென்ட் களத்தில் தொலைநோக்கியை வைத்துக்கொள்ளுங்கள், தரை மட்டமாக இருக்கிறது என்றார் பெரியவர். அண்ணன் பணிவாக மறுத்தார். பகல் முழுக்க வெயில் குடித்த சிமென்ட், இரவு பாதிவரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டுக் காற்று தொலைநோக்கியின் வாயைக் கடந்துதான் மேலே போகும். சாமை அறுத்து முடித்த கொல்லையில், புல் மண்டிய ஓரத்தில் இறக்கினோம். கண்ணாடி வெளிக் காற்றின் குளிர்ச்சிக்கு இறங்கட்டும் என்று சூரியன் மறையும் முன்பே குழாயைத் திறந்து வைத்தோம்.

முதல் இலக்கு வெள்ளி. சூரியன் இன்னும் மேற்கு மரங்களுக்கு மேல் நின்றபோதே தேடிப் பிடித்துவிட்டோம். இருட்டிய பிறகு வெள்ளி தாழ்ந்துவிடும்; நீலவானில் உயரத்தில் இருக்கும்போது எடுப்பதே நல்லது. சரிபாதி வெட்டிய நிலா வடிவம். கண்ணுக்கு வெறும் வெண்மை, கண்ணைக் கூசும் வெண்மை. பச்சை ஃபில்டரில் வெண்மை. சிவப்பிலும் வெண்மை. வெள்ளியிடம் எதையாவது வாங்க வேண்டுமென்றால் மனிதக் கண்ணுக்கு எட்டாத புறஊதாவுக்குத்தான் போக வேண்டும். அதற்கான ஃபில்டர் விலை அதிகம். பலர் 47ஆம் எண் ஊதா ஃபில்டரை வாங்கி, அது கசியவிடும் அகச்சிவப்பை அடைக்க இன்னொரு ஃபில்டரைச் சேர்த்துப் போடுவார்கள். எங்களிடம் புறஊதா ஃபில்டரே இருந்தது. குழுவில் எல்லோரும் பங்கு போட்டு வாங்கியது. அலுமினியம் பூசிய கண்ணாடி புறஊதாவை நன்றாகவே திருப்பி அனுப்பும் என்பதால் இந்த வேலைக்கு நியூட்டோனியன் பொருத்தம்.

நேரடித் திரையில் எதுவும் தெரியவில்லை. வெளிச்சம் குறைந்து, சொரசொரப்பாக நடுங்கும் ஓர் அரைவட்டு. ஆனால் மாணவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நடுவுல ஏதோ கறுப்பா சாஞ்சு போகுதுண்ணா" என்றார். கறுப்பு என்றால் ஒரு சாயல்தான். வெள்ளியின் மேல் மேகங்களில் புறஊதாவை விழுங்கும் பொருள் ஒன்று திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. அதில் ஒரு பங்கு கந்தக டைஆக்சைடின் வேலை. மிச்சம் என்ன பொருள் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. 1927இல் மவுண்ட் வில்சனில் ஃபிராங்க் ராஸ் புறஊதாப் படங்களில் அந்தத் திட்டுகளைக் காட்டினார். அதிலிருந்து வெள்ளியின் காற்று எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதைக் கண்டது பெரிய வானாய்வகம் எதுவும் இல்லை.

அது நடந்தது ஆப்பிரிக்காவில், காங்கோ ஆற்றங்கரைப் பிராசவில் நகரில். சார்ல் போயே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே நீதித்துறையில் பணியாற்றிக்கொண்டே, சுமார் பத்து அங்குலத் தொலைநோக்கி ஒன்றில் வானம் பார்த்துவந்தார். பிக் து மிதி வானாய்வகத்தைச் சேர்ந்த ஹென்றி காமிஷெல் அவரிடம், வெள்ளியை ஊதா ஃபில்டர் வைத்து எடுத்துப் பாருங்கள் என்றார். 1957இல் போயே வரிசையாக எடுத்த படங்களில் ஒரே கறுப்புத் திட்டு நான்கு நாளுக்கு ஒருமுறை திரும்பி வந்தது. வெள்ளி தன்னைத்தானே சுற்ற 243 நாள் ஆகும் என்பது பிறகு ராடாரில் தெரிந்தது. ஆனால் அதன் மேல் மேகங்கள் நான்கே நாளில் கோளையே சுற்றி வந்துவிடுகின்றன. தரை அத்தனை மெதுவாக நகரும்போது காற்று இவ்வளவு வேகமாகவா என்று பலர் நம்ப மறுத்தார்கள். 1974 பிப்ரவரியில் மரினர்-10 விண்கலம் வெள்ளியைக் கடந்துபோகும்போது புறஊதாவில் எடுத்த படங்கள் போயேயின் பக்கம் சாட்சி சொல்லின. நிலநடுக்கோட்டுக்கு அருகே வாழ்ந்ததால் அவருக்கு வெள்ளி உயரத்தில் கிடைத்தது. அதோடு, அவர் தினமும் பார்த்தார். பெரிய தொலைநோக்கிகள் ஒரு கோளுக்குத் தினமும் நேரம் ஒதுக்குவதில்லை. எங்களுடையதும் அதே அளவுக் கண்ணாடிதான் என்று அன்று மாலை அண்ணன் பல தடவை சொன்னார்.

இருட்டுவதற்குள் ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். கேமராவைக் கழற்றிக் கண்வில்லையைப் போட்டுக் காட்டினோம். பெரியவரின் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "வெள்ளின்னாங்க, பாதி நெலா கீதே" என்றார். நெருங்கி வரும் வெள்ளி இன்னும் தேய்ந்து பிறையாகும், மார்ச்சில் மெல்லிய கீற்றாகும் என்று மாணவி விளக்கியபோது, அவர் திரும்பத் தன் பேரனைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்திலேயே, இரண்டு மூன்று டிகிரி தள்ளி, சனி. வளையம் பூமிக்கு விளிம்பைக் காட்டத் தயாராகிக்கொண்டிருந்த காலம் அது. கோளுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய ஊசி.

வியாழனுக்கு வந்தபோது மணி எட்டரை. இங்கேதான் ஃபில்டர் சக்கரத்துக்கு முழு வேலை. சாதாரண வண்ணக் கேமராவின் சில்லில் ஒவ்வொரு புள்ளிக்கு மேலும் சிறு வண்ணக் கண்ணாடி நிரந்தரமாகப் பதிந்திருக்கும். கறுப்பு-வெள்ளைக் கேமராவில் அது கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று நாமே ஒவ்வொன்றாகப் போட்டு, மூன்று காணொளி எடுத்து, பிறகு சேர்க்க வேண்டும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுகிற கோள். இரண்டு நிமிடத்தில் அதன் நடுப்பகுதி சுமார் அரை விகலை (ஆர்க்செகண்ட், வானில் கோணத்தை அளக்கும் நுண்ணிய அலகு) நகர்ந்துவிடும். பத்து அங்குலக் கண்ணாடியால் பிரித்துக் காட்ட முடிந்ததும் ஏறத்தாழ அதே அரை விகலைதான். ஆகவே ஒரு நிறத்துக்கு இரண்டு நிமிடம். நொடிக்கு நூறுக்கு மேல் ஃபிரேம்கள். அந்த ஆயிரக்கணக்கான ஃபிரேம்களில், காற்று ஒரு கணம் அசையாமல் நின்றபோது விழுந்தவற்றை மட்டும் 'ஆட்டோஸ்டாக்கர்ட்' மென்பொருள் பொறுக்கியெடுத்து அடுக்கும். கோள் சுற்றியதால் வந்த விலகலை 'வின்ஜூபோஸ்' திருப்பிச் சுழற்றிச் சரிசெய்யும். இரண்டுமே இலவசம், இந்தப் பித்துப் பிடித்தவர்கள் எழுதி எல்லோருக்கும் கொடுத்தவை. அந்தக் கொடையை நினைக்காமல் ஒரு படத்தையும் நான் முடித்ததில்லை.

சேர்த்து உருவாகும் வண்ணப் படம் அழகுதான். ஆனால் என் மனம் போவது சேர்ப்பதற்கு முந்தைய சாம்பல் நிறப் படங்களிடம். பதினொரு மணிக்கு மேல் பெரும் சிவப்புப் புள்ளி வியாழனின் ஓரத்தில் தலைகாட்டியது. சிவப்பு ஃபில்டரில் அது சுற்றுப்புறத்தோடு கரைந்து, கிட்டத்தட்டக் காணாமல் போகிறது. நீல ஃபில்டரைப் போட்டால் கரும்பொட்டாக முன்னே வருகிறது. சிவப்பான ஒன்றைத் துலக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் நீலத்தில் பார்க்க வேண்டும். அது நீலத்தை விழுங்குவதால்தான் சிவப்பாகவே இருக்கிறது.

பிறகு மீத்தேன் ஃபில்டர். 889 நானோமீட்டரை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையை மட்டும் விடும். வியாழனின் காற்றிலுள்ள மீத்தேன் வாயு அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் திரை ஒரேயடியாக இருண்டது. ஒரு ஃபிரேமுக்குப் பல மடங்கு நேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. துணைக்கோள்கள் கோளோடு போட்டி போடும் அளவுக்குப் பளிச்சிட்டன. ஆழத்தில் இருக்கும் மேகத்தைத் தொட்டுத் திரும்பும் ஒளி நிறைய மீத்தேனைக் கடக்க வேண்டும், வழியிலேயே அழிகிறது. உயரத்தில் இருக்கும் மேகத்தில் பட்டது தப்பித்து வருகிறது. ஆக இந்தப் படத்தில் வெளிச்சம் என்றால் உயரம். நீலத்தில் கரும்பொட்டாக இருந்த அதே சிவப்புப் புள்ளி இங்கே வெள்ளையாக எரிந்தது. துருவங்களின் மேல் உயர்ந்த பனிமூட்டம் குல்லா வைத்ததுபோல் தெரிந்தது. ஒரு கோளின் மேகங்களில் எது மேலே, எது கீழே என்று ஜவ்வாது மலைக் கொல்லை ஒன்றில் உட்கார்ந்து சொல்ல முடிகிறது. இதைவிடப் பெரிய மகிழ்ச்சி இந்தப் பொழுதுபோக்கில் எனக்குத் தெரியாது.

இதில் அறிவியலுக்கும் பயன் உண்டு. பிலிப்பைன்சின் செபூ தீவில் மரச்சாமான் தொழில் நடத்தும் கிறிஸ்டோபர் கோ, நம்மைப் போலவே வெப்பமண்டல அட்சரேகையில் இருப்பவர். 2006 பிப்ரவரியில் வியாழனின் வெண்ணிறச் சுழல் ஒன்று சிவந்துவிட்டதை அவர்தான் முதலில் கவனித்தார். 2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவின் மரம்பேட்மன் ஊரில் ஆன்டனி வெஸ்லி, வியாழனின் தென்துருவத்தருகே புதிய கறுப்புத் தழும்பைக் கண்டார். ஏதோ ஒரு வான்பொருள் மோதிய இடம். ஹவாயிலுள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி திரும்பிப் பார்த்தபோது அது பளிச்சென்று ஒளிர்ந்தது: மோதலில் கிளம்பிய துகள்கள் வெகு உயரத்துக்குப் போயிருந்தன. 2016இல் வியாழனைச் சுற்றத் தொடங்கிய ஜூனோ விண்கலத்தின் கேமராக் குழு, எங்கே என்ன நடக்கிறது என்று அறிய இத்தகையோர் அனுப்பிய படங்களை எதிர்பார்த்தது.

நள்ளிரவில் செவ்வாய் உச்சிக்கு வந்தது. சூரியனுக்கு நேரெதிரே நின்று பூமிக்கு அருகே வரும் எதிரமைவு கடந்து ஓரிரு நாட்கள்தான். இருந்தும் இந்த முறை தூரம் அதிகம், வட்டு 14 விகலையைச் சற்றே தாண்டியது. சிவப்பில் கரும்பரப்புகள் உறுதியாக நின்றன. நீளமான அலைகளைக் காற்று குறைவாகவே கலைக்கும் என்பதால் சிவப்புப் படம் எப்போதும் கூர்மையாக வரும். நீலத்தில், ரைட் கண்டதுபோலவே, கரும்பரப்புகள் மறைந்தன. ஆனால் வட்டு வெறுமையாக இல்லை. அங்கே வடகோளத்தில் வசந்தம். வடதுருவப் பனிக்குல்லாவும், விளிம்பில் மெல்லிய மேகங்களும் நீலத்தில் வெளிச்சமாகத் தெரிந்தன. மண்ணைக் கேட்டால் சிவப்பு பதில் சொல்கிறது. வானிலையைக் கேட்டால் நீலம். ஒரு மணிக்கு மேல் பனி இறங்கி இரண்டாம் கண்ணாடியில் படரத் தொடங்கியது; சிறு சூடேற்றிப் பட்டையைக் கட்டியும் தாங்கவில்லை. மூடினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெரியவர் வீட்டுத் திண்ணையில் மாணவி முந்தைய மாலையின் வெள்ளியை அடுக்கி முடித்தார். நடுவிலிருந்து ஓரத்துக்குச் சாய்ந்து போகும் கறுப்புப் பட்டை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. பக்கத்தில் இரண்டாவது காணொளியிலிருந்து தனியாக அடுக்கிய படம்; அதிலும் அதே இடத்தில் அதே சாய்வு. காற்றின் சேட்டையோ சில்லின் தூசியோ இல்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சனிக்கிழம எடுத்தது. அப்போ புதன்கிழம திரும்ப இதே மூஞ்சி."

"நாளைக்குப் பட்டறை இருக்கேண்ணா?"

"பையன் பாத்துக்குவான். பத்து அங்குலத்தையும் யூவி ஃபில்டரையும் கேமராவையும் வெச்சிட்டுப் போங்க."

பேட்டரிக்கு வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்றார் பெரியவர். மீத்தேன் ஃபில்டரையும் மற்றக் கண்ணாடிகளையும் பெட்டியில் அடுக்கி நாங்கள் எடுத்துக்கொண்டோம். நேரம் மாறக் கூடாது, அதே உயரத்தில் வெள்ளி இருக்கும்போது எடுக்க வேண்டும் என்று, படமெடுத்த நிமிடத்தை மாணவி ஒரு தாளில் எழுதி அண்ணன் கையில் கொடுத்தார்.